யாளியின் வாய்க்குள் உருளும் கல்

‘சிங்க உடம்பும் தும்பிக்கையுமாகக் கோயில் தூணில் நிற்கிறதே, அது என்ன மிருகம்?’ என்று பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அதுதான் யாளி. சிங்க முகமானால் சிம்ம யாளி. யானை முகமானால் கஜ யாளி. அகநானூறும் நற்றிணையும் யானையையே வீழ்த்தும் ‘ஆளி’யைச் சொல்கின்றன. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயிலிலும் மதுரைப் புதுமண்டபத்திலும் அது தூணோடு தூணாகப் பாய்ந்து நிற்கிறது. வீட்டில் வீணை இருந்தால், அதன் நுனியில் வளைந்திருப்பதும் யாளி முகமே.

எனக்கு அதில் தீராத வியப்பு, பல யாளிகளின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை. விரலால் தள்ளினால் நகரும். வெளியே மட்டும் வராது. என் மகளின் சலங்கையிலும் மணி உள்ளேதான் உருள்கிறது. ஆனால் அங்கே மணியைப் போட்ட பிறகு வாயை மூடுகிறார்கள். கருங்கல்லை அப்படி மூட முடியாது. சிற்பி பற்களின் இடைவெளி வழியே மெல்லிய உளியை நுழைத்து, உள்ளிருக்கும் கல்லைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைகிறார். ஒட்டியிருக்கும் கடைசித் துணுக்கு விடுபடும்போது உருண்டை தனியாகிறது. உளி கொஞ்சம் பிசகி ஒரு பல் உடைந்தாலும் ஒட்ட வைக்க வழியில்லை.

இங்கே ஜார்ஜ்டவுனில், குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து சில நிமிடம் நடந்தால் சீனக் கோயில்கள். சீனர்களின் கல் சிங்கங்களிலும் பல, இப்படி வாயில் உருண்டையோடு காவல் இருப்பவை. இரு இனத்துக் கைகளுக்கும் ஒரே பொறுமை வாய்த்திருக்கிறது.

நம் ஊர்க் கோபுர யாளிகள் பெரும்பாலும் சுதை வேலை. கும்பாபிஷேகம்தோறும் பழைய வண்ணத்தின் மேலேயே புது வண்ணம் பூசினால் பல்லின் கூர்மையும் பிடரியின் சுருளும் மழுங்கிப் போகும். பழைய பூச்சைப் பக்குவமாக நீக்கச் சொல்லி ஸ்தபதியிடம் கேட்பது கோயில் நிர்வாகத்தின் கடமை. தமிழகம் போகிறவர்கள் யாளி வாயில் குச்சியை விட்டுக் குடையாதீர்கள், காசைத் திணிக்காதீர்கள். குழந்தைகளை அருகில் நிறுத்தி, அந்த உருண்டை எப்படி உள்ளே வந்திருக்கும் என்று கேளுங்கள். விடையை அவர்களே யோசித்துச் சொல்லட்டும். செதுக்கியவரின் உழைப்பு புரிந்த பிள்ளை அதை உடைக்காது.