பகுதியில் நிற்கும் சுழியம்

தமிழாசிரியன் கணக்கைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இளங்கலைக் கணிதம் முதலாண்டு பயிலும் என் தமக்கை மகள், மதிப்பெண் இழந்த விடைத்தாளை நீட்டி, "இதில் என்ன பிழை, மாமா?" என்று வினவினாள். அவளோடு அமர்ந்து நானும் மீண்டும் கற்க நேர்ந்தது.

பல்லுறுப்புக் கோவை ஒன்றை மற்றொன்றால் வகுத்து எழுதினால் அது விகிதமுறு கோவை. மேலே நிற்பது தொகுதி; கீழே நிற்பது பகுதி. (இலக்கணத்தில் விகுதியோடு சேர்த்துச் சொல்லும் பகுதி வேறு.) மாறிக்கு எவ்வெண்களை இட்டால் கோவைக்குப் பொருள் உண்டோ, அவற்றின் தொகுப்பு மதிப்பகம் எனப்படும். பகுதியைச் சுழியமாக்கும் எண், விலக்கப்பட்ட மதிப்பு.

பூச்சியம் எனப்படும் சுழியத்தால் வகுத்தல் ஏன் ஆகாது? 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 என்கிறோம். 4-ஐ 3-ஆல் பெருக்க 12 வருகிறது. சுழியத்தால் பெருக்கி 12 தரும் எண் எதுவும் இல்லை. சுழியத்தைச் சுழியத்தால் வகுப்பதிலோ இடர்ப்பாடு வேறு: எந்த எண்ணைச் சொன்னாலும் பொருந்திவிடுகிறது, ஆதலின் எதையும் விடையெனக் கொள்ள இயலாது. கி.பி. 628-இல் சுழியத்திற்கு விதிகள் வகுத்த பிரம்மகுப்தர், இதற்கு விடை சுழியமே என்றார். பேரறிஞரும் இடறிய இடம் இது. 1997 செப்டம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பலான யார்க்டவுனின் கணிப்பொறியில் ஒருவர் சுழியத்தை உள்ளிட, நிரல் அதனால் வகுக்க முற்பட்டது. கப்பலின் உந்து அமைப்பே செயலிழந்தது.

இனி அவ்விடைத்தாளுக்கு வருவோம். மாறியை 'ம' எனக் குறிப்போம். தொகுதி ம² − 9. பகுதி ம² − 5ம + 6. மதிப்பகம் காண்க என்பது வினா. அவள் காரணிப்படுத்தினாள்: மேலே (ம − 3)(ம + 3), கீழே (ம − 2)(ம − 3). இதுவரை பிழையில்லை. பின்னர்ப் பொதுக்காரணியாகிய (ம − 3)-ஐ அடித்துவிட்டு, எஞ்சிய (ம + 3)/(ம − 2) என்பதை மட்டும் நோக்கி, "2 நீங்கலாக எல்லா மெய்யெண்களும்" என எழுதிவிட்டாள்.

3 என்னவாயிற்று? சுருக்கிய கோவையில் 3-ஐ இட்டால் 6 கிடைக்கிறது. முதற்கோவையில் இட்டாலோ மேலும் சுழியம், கீழும் சுழியம். பொதுக்காரணியை அடிப்பது என்பது, தொகுதியையும் பகுதியையும் அக்காரணியால் வகுப்பதே அன்றோ? அது சுழியமாகாதபோதுதான் அவ்வாறு வகுக்கும் உரிமை நமக்கு உண்டு. ம = 3 எனில் அடித்தலே செல்லாது. ஆகவே பகுதியைக் காரணிப்படுத்தி, ஒவ்வொரு காரணியையும் சுழியத்திற்குச் சமப்படுத்தி, 2, 3 ஆகிய இரண்டையும் முதலிலேயே குறித்துக்கொண்டு, அதன் பின்னரே சுருக்குதல் வேண்டும். சுருக்கிய வடிவிலேயே விலக்கப்பட்ட மதிப்பைக் காணச் சொல்லும் பாடநூல்களும் உள. மாணவர் குழம்புவதில் வியப்பில்லை. எனினும் முதற்கோவையின் மதிப்பகத்தைக் கேட்டால், 3-க்கு அங்கே இடமில்லை.

அவள் எழுந்து செல்லுமுன், பகுதி ம² + 4 ஆயின் எந்த எண்ணை விலக்குவாய் என்று கேட்டேன். எழுதுகோலை எடுத்தவள் எழுதாமலே கீழே வைத்தாள். "மெய்யெண்ணின் வர்க்கம் குறை எண் ஆகாதே, மாமா. நான்குக்குக் கீழே அது இறங்காது. ஒன்றையும் விலக்க வேண்டியதில்லை" என்றாள்.