கரையின் செலவும் கடலின் செலவும்

கடல் வாணிகம் என்றவுடன் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன விரிந்த கடலும், பொங்கும் அலையும், அவற்றை ஊடறுத்துச் செல்லும் கப்பலுமே. தூரதேசத்துப் பண்டமொன்றின் விலை கூடியிருந்தால், அஃது எத்தனையோ ஆயிரம் மைல் கடந்து வந்ததன்றோ என்று மக்கள் எளிதில் அமைதி காண்பர். ஆனால், சரக்குக் கப்பல்களின் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்தோர் கண்ட உண்மை வேறு. நெடுங்காலமாகக் கடல் வாணிகத்திற் பெருஞ்செலவை விளைவித்தது கடலன்று, கரையே. இவ்வுண்மையை உணர்ந்தாலன்றி, இன்று உலகத் துறைமுகங்களில் மலைபோல் அடுக்கப்பட்டிருக்கும் இரும்புப் பெட்டிகளின் பொருளை விளங்கிக்கொள்ளுதல் அரிது.

இதற்குச் சான்றாக ஒரு கப்பலின் பயணத்தைக் கூறலாம். 1954 ஆம் ஆண்டில் ‘வொரியர்’ என்னும் சரக்குக் கப்பல் நியூ யோர்க் நகரின் புறூக்ளின் துறையிலிருந்து ஜேர்மனியிலுள்ள பிறேமர்காவன் துறைமுகத்துக்குச் சென்றது. அதன் செலவுகளை ஆய்வாளர் நுணுகி ஆராய்ந்தனர. ஏறக்குறைய 5,000 தொன் நிறையுடைய அதன் சரக்கு 194,582 தனித்தனிப் பொருள்களைக் கொண்டிருந்தது. பெட்டியும் மூட்டையும் பீப்பாயும் சாக்கும் கட்டுமாக இருந்த அவை ஒவ்வொன்றையும் தொழிலாளர் தனித்தனியே கையாள வேண்டியிருந்தது. கடலைக் கடக்கப் பத்தரை நாள் பிடித்தது. ஏற்றவும் இறக்கவும், வேலைநிறுத்தத்தால் வீணான ஒரு நாளையும் சேர்த்து, பத்து நாள் பிடித்தது. மொத்தச் செலவிற் கடற்பயணத்துக்கு ஆனது நூற்றுக்கு 11.5 வீதமே. இரு துறைமுகங்களிலும் சரக்கைக் கையாள்வதற்கு ஆனதோ ஏறக்குறைய 37 வீதம்.

இதன் காரணம் தெளிவானது. அக்காலத்தில் லொறியில் வந்த சரக்கு பண்டகசாலையில் இறக்கப்படும். அங்கிருந்து கப்பலின் அருகே கொணரப்படும். பாரந்தூக்கியால் உயர்த்தப்பட்டு, கப்பலின் அடித்தளத்தில் ஒவ்வொன்றாக அடுக்கப்படும். மறுகரையில் இவ்வளவும் தலைகீழாக மீண்டும் நிகழும். கைமாறுந்தோறும் சில உடையும், சில நனையும், சில காணாமற் போகும். அதனால் காப்புறுதிக் கட்டணமும் ஏறும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கப்பல் வாளாவிருக்கும் நாள்களின் நட்டம் ஒன்றுண்டு. கப்பல் ஓடும்போதுதான் உழைக்கும். துறையில் நிற்கும்போது முதலாளியின் கைப்பொருளை உண்ணும்.

இந்நிலையை மாற்றியவர் கப்பற்றொழிலிற் பிறந்து வளர்ந்தவரல்லர். மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் லொறிப் போக்குவரத்து நடத்திப் பொருளீட்டியவர். லொறியிலுள்ள பொருளைத் தனித்தனியே இறக்குவதைவிட, பொருளடங்கிய பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்பது அவருடைய எண்ணம். 1956 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆந் திகதி, ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளை மேற்றட்டிற் சுமந்துகொண்டு, நியூ யோர்க்கை அடுத்த நியூவார்க் துறையிலிருந்து ஹூஸ்ரன் நகருக்குப் புறப்பட்டது. பழைய முறையில் ஒரு தொன் சரக்கை ஏற்ற ஏறக்குறைய 6 டொலர் செலவாயிற்று; புதிய முறையில் 16 சதமே செலவாயிற்று. கப்பல் முன்னையதைவிட விரைவாக ஓடவில்லை, கடலும் சுருங்கவில்லை. கரையிற் செய்யப்பட்ட வேலை மட்டுமே சுருங்கிற்று.

எனினும், ஒருவருடைய பெட்டி மற்றொருவருடைய கப்பலிலும் லொறியிலும் பொருந்தாவிடின் பயன் சிறிதே. ஆதலால் 1960களில் உலக நாடுகள் கூடி அளவுகளை வகுத்தன. இருபது அடி, நாற்பது அடி என்னும் நீளங்களும், பெட்டியின் மூலைகளிற் பாரந்தூக்கியின் கொளுவி பூட்டும் அமைப்பும் பொதுவாயின. இன்று எந்த நாட்டுக் கொள்கலனும் எந்த நாட்டுக் கப்பலிலும், புகையிரதத்திலும், லொறியிலும் அமரும். துறைமுகங்களின் ஆற்றலும் இருபதடிக் கொள்கலனை அலகாகக் கொண்டே கணக்கிடப்படுகின்றது. ஏற்றுக்கூலி குறைந்ததால், தொழிற்சாலை மூலப்பொருளுக்கோ சந்தைக்கோ அருகில் இருக்கவேண்டுமென்ற கட்டாயம் தளர்ந்தது. இலங்கையில் தைக்கப்படும் ஆடைகளுக்கு வேண்டிய துணியிற் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்து, ஆடையாக மீண்டும் வெளிநாடு செல்வது இம்மலிவினால் இயன்ற ஒன்றாகும்.

ஆனால் ஒருவர்க்குச் செலவாக இருப்பது மற்றொருவர்க்கு வரவாகும். கரையின் செலவென்று கணக்கேட்டில் எழுதப்பட்டது, துறைமுகத் தொழிலாளரின் அடுப்பில் எரிந்த நெருப்பு. கொள்கலன் வந்தபோது அவர்களின் வேலை மறைந்தது. ஆழமான நீரும் பரந்த நிலமும் வேண்டிய புதிய முறைக்கு, நகர நடுவிலிருந்த பழைய துறைகள் ஏற்கவில்லை. இலண்டனின் புகழ்பெற்ற கப்பற்றுறைகள் 1967 ஆம் ஆண்டு தொடங்கி 1981 ஆம் ஆண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பீலிக்ஸ்ரோ என்னும் சிறிய துறைமுகம் இங்கிலாந்தின் முதன்மையான கொள்கலன் துறைமுகமாயிற்று. புறூக்ளினின் வாணிகம் எதிர்க்கரையிலுள்ள நியூ ஜேர்சிக்குப் பெயர்ந்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1960 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட உடன்படிக்கை இங்குக் குறிப்பிடத்தக்கது. அங்குள்ள தொழிற்சங்கம் இயந்திரங்களை எதிர்க்காது ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக, பதிவுபெற்ற தொழிலாளரின் வருவாய்க்கும் ஓய்வுகாலத்துக்கும் முதலாளிமார் நிதியம் ஒன்றை அமைத்தனர். இயந்திரம் தரும் ஊதியத்தில் இயந்திரத்தால் இடம் இழந்தவனுக்கும் பங்குண்டு என்னும் நியாயத்தை அவ்வுடன்படிக்கை ஒப்புக்கொண்டது.

காலஞ் செல்லச் செல்லக் கப்பல்கள் பெருத்தன. பெருங் கப்பலுக்கு மாலுமிகள் மிகுதியாக வேண்டுவதில்லை. எரிபொருட் செலவும் சுமையின் அளவுக்கு ஏறுவதில்லை. ஆகவே, பெட்டி ஒன்றுக்கான செலவு குறைகின்றது. இன்று 24,000 இருபதடிக் கொள்கலன்களைச் சுமக்கத்தக்க கப்பல்கள் ஓடுகின்றன. ஆயினும் இப்பெருங் கப்பல்கள் எல்லாத் துறைமுகங்களிலும் நுழைய இயலா. ஆகையால் அவை ஆழமுள்ள சில துறைமுகங்களில் மட்டும் தங்கிச் சரக்கை இறக்க, அங்கிருந்து சிறிய கப்பல்கள் அதனை அயல் நாடுகளுக்குக் கொண்டுசெல்கின்றன. இவ்வாறு சரக்கு கப்பல் மாறும் இடங்களுள் ஒன்று கொழும்பு. ஆண்டொன்றுக்கு அங்குக் கையாளப்படும் கொள்கலன்கள், இருபதடிக் கணக்கில், 70 இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இலங்கையின் சரக்கன்று; இந்தியா, வங்காளதேசம் முதலிய அயல் நாடுகளின் சரக்கே.

பிறர் சரக்கால் வாழும் துறைமுகம் சந்தியிலுள்ள கடையை ஒத்தது. வழி மாறினால் வாடிக்கையும் மாறும். இதனைக் காலியின் கதை உணர்த்தும். சூயெஸ் கால்வாய் 1869 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காலத்தில் நீராவிக் கப்பல்கள் பெரும்பாலும் காலியிலேயே தங்கின. ஆனால் அத்துறைமுகத்திற் பாறைகள் உண்டு. பருவக்காற்றின் சீற்றமும் உண்டு. கொழும்பிலோ 1875 ஆம் ஆண்டில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885 ஆம் ஆண்டில் அது நிறைவெய்திற்று. கப்பல்கள் கொழும்பை நாடின. காலி துறைமுகத்தின் ஆரவாரம் அடங்கிற்று. இயற்கை தராத துறைமுகத்தைக் கல்லும் உழைப்பும் தந்தன.

இன்று கொழும்புக்கு எதிரே, கேரளத்தின் விழிஞ்ஞத்தில், 2024 ஆம் ஆண்டு முதல் பெருங் கொள்கலன் கப்பல்கள் தங்கத் தொடங்கியுள்ளன. இந்தியச் சரக்கைத் தன் கரையிலேயே கையாள்வது அத்துறைமுகத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதனைக் கண்டு அஞ்சுவதினும், கப்பல்கள் துறைமுகங்களை எவ்வாறு தெரிந்தெடுக்கின்றன என்பதை உணர்வதே அறிவுடைமை. கப்பற் கம்பனி நோக்குவது துறைமுகத்தின் பழம்பெருமையையன்று. கப்பல் எத்தனை மணி நேரத்தில் மீண்டும் நங்கூரம் தூக்கும் என்பதையே. வொரியர் கப்பல் பத்து நாள் கரையில் நின்றது. இன்று அதனினும் பன்மடங்கு பெரிய கப்பல்கள் ஓரிரு நாளிற் புறப்பட்டுச் செல்கின்றன. அந்த ஓரிரு நாளிலும் சில மணி நேரத்தை மிச்சப்படுத்தும் துறைமுகத்துக்கே கப்பல்கள் வரும். கடல் எல்லார்க்கும் பொது. கரையை ஒழுங்குசெய்வதே ஒவ்வொரு நாட்டின் கையிலும் உள்ளது.