பூ விலையும் கணக்குப் பாடமும்

பொழுது புலர்வதற்கு முன்னரே தோட்டத்தில் இறங்கி, மொட்டு விரிந்துவிடுவதற்குள் மல்லிகையைப் பறித்து, நிலக்கோட்டைச் சந்தைக்கோ திண்டுக்கல் மார்க்கெட்டுக்கோ அனுப்பும் பெற்றோருக்குக் கூடமாட ஒத்தாசை செய்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவருகிற பிள்ளைகள் செம்பட்டி வட்டாரத்தில் உண்டு. நேற்றைய விலை இன்றைக்குச் செல்லாது, முகூர்த்த நாளில் ஏறும், வரத்துப் பெருகினால் விழும் என்பதெல்லாம் அக்குழந்தைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த விஷயங்கள். ஆயினும் கரும்பலகையில் 'எக்ஸ்' என்றோர் எழுத்தை உபாத்தியாயர் எழுதியவுடன் அதே குழந்தைகள் மிரண்டு விழிக்கிறார்கள். குற்றம் அவர்களுடையது அன்று. அனுபவத்துக்குப் பின் வரவேண்டிய எழுத்தை அதற்கு முன் வைத்த நம் வரிசையே பிழையானது.

மாறுகின்ற ஓர் அளவுக்கு நாம் இடுகிற பெயரே மாறி. ஒரு கிலோ பூவின் விலைக்கு 'வி' என்று பெயர் வைத்தால், 3 கிலோ அனுப்பிய வீட்டின் வரவு 3வி. விலை 300 ரூபாயானால் வரவு 900. விலை 500 ஆனால் வரவு 1500. எழுத்து ஒன்றே, அது தாங்கி நிற்கும் எண்தான் நாளுக்கு நாள் வேறு. 12ஆம் நூற்றாண்டில் பீஜகணிதம் இயற்றிய பாஸ்கராசாரியர், அறியாத அளவுகள் பலவாகும்போது கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார். பெயர் எதுவாயினும் தத்துவம் ஒன்றே என்பது விளங்கிவிட்டால், பயம் தானே விலகும்.

சராசரியும் நமக்குப் புதிதன்று. அதே ஆசிரியர் 1150இல் எழுதிய லீலாவதியில், ஒழுங்கற்ற வடிவமுள்ள பள்ளத்தை அளக்கும் வழி கூறப்படுகிறது: அகலத்தைப் பல இடங்களில் அளந்து கூட்டி, அளந்த இடங்களின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும், நீளமும் ஆழமும் அவ்வாறே. மேடும் பள்ளமுமாய் இருப்பதைச் சமமாய் நிரவினால் எவ்வளவு நிற்கும் என்று காண்பதே சராசரியின் உட்பொருள்.

இந்த நிரவலைப் பூக்கணக்கில் பார்ப்போம். ஒரு வாரத்தில் கிலோ விலை 300, 300, 400, 400, 500, 400 என்றிருந்து, ஏழாம் நாள் முகூர்த்தத்தில் 1900க்குப் பாய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4200, ஏழால் வகுக்கக் கிடைக்கும் கூட்டுச் சராசரி 600. ஆனால் அந்த வாரத்தில் ஒரு நாளாவது பூ 600 ரூபாய்க்கு விற்றதா? இல்லை, ஆறு நாட்கள் அதற்குக் கீழேயே விற்றது. விலைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 400. அதிகத் தடவை வந்த முகடும் 400. தோட்டக்காரர் கண்ட வாரத்தை அந்த 400 அல்லவா உண்மையாகச் சொல்கிறது!

இதை வாயால் சொல்வதைவிடக் கட்டம் போட்ட தாளில் பிள்ளைகளைக் கொண்டே வரையச் செய்வது மேல். கிடை அச்சில் நாட்கள், செங்குத்து அச்சில் விலை. ஏழு புள்ளிகளை இட்டு அவற்றைக் கோட்டால் இணைத்தபின், 600இல் படுக்கையாக ஒரு கோடு இழுக்கச் சொல்லவேண்டும். கோட்டுக்குக் கீழுள்ள குறைவுகள் 300, 300, 200, 200, 100, 200, கூட்டினால் 1300. கோட்டுக்கு மேலே தனித்து நிற்கும் ஒரே புள்ளியின் மிகுதியும் 1300. பள்ளங்களை அந்த ஒரு மேடு நிரப்பிவிட்டதைக் கண்ணால் கண்ட பிள்ளை, சராசரியை ஆயுளுக்கும் மறவாது. காலத்தோடு ஏற்றுமதியும் இறக்குமதியும் ஏறி இறங்குவதை இவ்விதம் கோடாக வரைந்து வில்லியம் பிளேஃபேர் தம் நூலை வெளியிட்டது 1786இல். அட்டவணையில் புதைந்து கிடந்த வியாபாரச் செய்தியை ஒரே பார்வைக்குப் பிரத்தியட்சமாக்கிய உபாயம் அது.

கைத்தொழிலின் வழியே கல்வி புகட்டவேண்டுமென்று 1937இல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்திய ஆதாரக் கல்வியின் சாரமும் அனுபவத்தை முதலில் வைக்கும் இந்த வரிசையே. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தோற்றுவித்த காந்திகிராமம் செம்பட்டிக்கு அயலில்தான் இருக்கிறது. அதை அடுத்த சின்னாளபட்டி நெசவாளர் ஊர். பருத்தி நூலில் 840 கஜம் ஒரு சிட்டம்; ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டமோ அதுவே நூலின் நம்பர். ஆகவே 40ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம் நீளும். நம்பரை 'ந' என்றால் நீளம் 840ந. இதைவிடத் தெளிவான இயற்கணிதப் பாடம் வேறெங்கே தேடுவது?

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்தைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே, பூவோ தக்காளியோ தேங்காயோ, தத்தம் வீட்டுக்குப் பழக்கமான ஒன்றன் விலையை நாள்தோறும் நோட்டில் குறித்துவரும்படி மாணாக்கரிடம் சொல்லுங்கள். அந்த ஏழு எண்களோடு அவர்கள் வகுப்புக்கு வந்தபிறகு கரும்பலகையில் எழுத்தை எழுதுங்கள். அப்போது அது அவர்கள் வீட்டுக் கணக்காகவே இருக்கும்.