ஆறாம் இடத்து அமினோ அமிலம்

மைசூர் நகரின் விஜயநகர்ப் பகுதியையும் அதற்கு அருகிலுள்ள மானசகங்கோத்ரிப் பல்கலைக்கழக வளாகத்தையும் விட்டுத் தெற்கிலும் தென்மேற்கிலும் செல்லச் செல்ல, எச்.டி. கோட்டே, பந்திப்பூர், கூடலூர், வயநாடு என மூன்று மாநிலங்களின் எல்லைகள் சந்திக்கும் ஒரே காடு விரிகிறது. ஜேனு குருபர், சோலிகர், பணியர், இருளர், குறும்பர் முதலிய பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இந்நிலத்தில், அரிவாள் செல் சோகை எனப்படும் பரம்பரை இரத்த நோய் நெடுங்காலமாக நிலவிவருகிறது. மரபுச் செய்தி டி.என்.ஏ.விலிருந்து புரதத்துக்கு எவ்வாறு செல்கிறது என்பதே மூலக்கூற்று மரபியலின் அடிப்படைக் கேள்வி. அச்செய்தியில் ஏற்பட்ட ஒரேயொரு மாற்றம் மனித உடலில் வலியாக வெளிப்படும் வரை, ஒவ்வொரு படியாகப் பின்தொடர்ந்து முழுமையாக விளக்கப்பட்ட முதல் நோய் இதுவே.

சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து வந்திருந்த ஒரு மாணவரின் இரத்தத்தில் அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்களைக் கண்டு 1910-இல் எழுதிய குறிப்பே மருத்துவ இலக்கியத்தில் இந்நோயைப் பற்றிய முதல் பதிவு. பின்னர் நெடுங்காலம் இது ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நிலவியது. 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்திலும் அதே பண்பு உள்ளதை வெளியிட்டதும், அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தொழிலாளர்களிடையே அது இருப்பது தெரியவந்ததும் அந்த எண்ணத்தை உடைத்தன. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1949-இல், லைனஸ் பாலிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் இயல்பான ஹீமோகுளோபினைவிட வேறு விதமாக நகர்வதைக் காட்டி, ஒரு நோயின் வேர் ஒரு மூலக்கூறிலேயே இருக்க முடியும் என்று முதன்முதலாக நிறுவியிருந்தனர். அந்த வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை 1956-57-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் கண்டறிந்தார்: பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வாலின் இருந்தது. மற்ற அனைத்தும் மாறாமல் அப்படியே இருந்தன.

இந்தக் கண்டுபிடிப்பின் பொருளை உணரப் புரதம் என்றால் என்ன என்பதை முதலில் அறிய வேண்டும். அமினோ அமிலங்கள் எனப்படும் இருபது வகைச் சிறு மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு உருவாகும் நீண்ட சங்கிலியே புரதம். எந்த அமிலத்துக்குப் பின் எது வருகிறது என்ற வரிசையே, அச்சங்கிலி எவ்வாறு மடிந்து எந்த வடிவம் கொள்ளும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நுரையீரலிலிருந்து ஆக்சிஜனைச் சுமந்து உடலெங்கும் கொண்டுசெல்லும் ஹீமோகுளோபின், 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சங்கிலிகள் இரண்டும், 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலிகள் இரண்டும் இணைந்து உருவானது. ஒரு சிவப்பணுவுக்குள் இத்தகைய மூலக்கூறுகள் ஏறத்தாழ 27 கோடி நெருங்கி அடைபட்டுள்ளன. இந்த நெருக்கம்தான் பின்னர் துன்பத்துக்குக் காரணமாகிறது.

அந்த 146 அமிலங்களின் வரிசை எங்கே பதிவாகியுள்ளது என்ற கேள்விக்கு விடை டி.என்.ஏ.வில் இருக்கிறது. செல்லின் உட்கருவிலுள்ள 46 குரோமோசோம்களிலும் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ., ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட இரண்டு இழைகளால் ஆனது; ரோசலின்ட் ஃபிராங்கிளினின் எக்ஸ்-கதிர்ப் படங்களின் துணையோடு வாட்சனும் கிரிக்கும் 1953-இல் இந்த அமைப்பை வெளியிட்டனர். ஒவ்வோர் இழையிலும் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. இவற்றை ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளால் குறிப்பது வழக்கம். ஓர் இழையில் ஏ இருக்குமிடத்துக்கு எதிரே மற்றோர் இழையில் டி-யும், ஜி-க்கு எதிரே சி-யும் மட்டுமே பொருந்துவதால், ஓர் இழையைக் கொண்டு மற்றோர் இழையைப் பிழையின்றி உருவாக்கிவிடலாம். பெற்றோரின் பண்பு பிள்ளைக்குச் செல்வதன் இரகசியம் இந்த எளிய இணைப்பொருத்தத்தில் இருப்பது, உயிரியலில் இதுவரை கண்டறியப்பட்டவற்றுள் மிக அழகான உண்மை என்றே சொல்ல வேண்டும். மனிதரின் மரபுத்தொகுதி ஒன்றில் இத்தகைய எழுத்து இணைகள் ஏறத்தாழ 300 கோடி உள்ளன. அவற்றுள் புரதங்களை உருவாக்கும் செய்தியைத் தாங்கியவை இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு குறிப்பிட்ட புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. பகுதியே மரபணு எனப்படுகிறது. பீட்டா சங்கிலிக்கான மரபணு, 11-ஆம் குரோமோசோமின் குறுங்கரத்தில், ஏறத்தாழ 1,600 எழுத்துகள் நீளத்தில் அமைந்துள்ளது.

இம்மரபணு உட்கருவுள்ள எல்லாச் செல்களிலும் இருந்தாலும், கண்ணிலோ தோலிலோ ஹீமோகுளோபின் உருவாவதில்லை. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களாக வளரும் செல்களில் மட்டுமே அது பெருமளவில் இயங்குகிறது. அங்கே ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சற்றே பிரித்து, ஓர் இழையை அச்சாகக் கொண்டு ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழைப் படியை உருவாக்குகிறது. இப்படியில் தைமினுக்குப் பதிலாக யுராசில், அதாவது யு, இடம்பெறும். இந்தப் படியெடுப்போடு பணி முடிந்துவிடுவதில்லை. பீட்டா மரபணுவின் நடுவே புரதத்துக்குப் பயன்படாத இடைத்துண்டுகள் இரண்டு உள்ளன. அவை வெட்டி நீக்கப்பட்டு மீதமுள்ள மூன்று பகுதிகளும் சரியாக ஒட்டப்பட்ட பிறகே, தூது ஆர்.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியேறுகிறது. வெட்டவேண்டிய இடத்தைக் காட்டும் எழுத்துகளில் மாற்றம் நேர்ந்தால் ஒட்டுதல் பிழையாகிப் புரதத்தின் அளவு குறைந்துவிடும். இந்தியாவில் பீட்டா தலசீமியா நோய்க்கு மிகப் பரவலான காரணமாக அறியப்படுவது, முதல் இடைத்துண்டின் ஐந்தாம் எழுத்தான ஜி, சி-யாக மாறியதே. அந்த எழுத்து இறுதிப் புரதத்தில் இடம்பெறுவதே இல்லை. ஆயினும் அதன் மாற்றம் குழந்தைகளை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளிவிடுகிறது.

வெளியே வந்த தூது ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதத்தைக் கோக்கும் பணி ரைபோசோம் என்னும் பெரிய மூலக்கூற்றுத் தொகுப்பினுடையது. மூன்று மூன்று எழுத்துகளாக அது படிக்கிறது. அத்தகைய மூன்றெழுத்துத் தொகுதிக்குக் கோடான் என்று பெயர். நான்கு எழுத்துகளைக் கொண்டு 64 கோடான்கள் அமையலாம். அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, எஞ்சிய மூன்றும் சங்கிலியை நிறுத்தும் கட்டளைகள். யு-யு-யு என்பது ஃபீனைல்அலனின் என்ற அமிலத்தைக் குறிக்கிறது என்று மார்ஷல் நைரன்பெர்க்கும் ஹைன்ரிக் மத்தேயும் 1961-இல் காட்டியதில் தொடங்கிய இந்தக் குறியீட்டு விளக்கத்தை முழுமைப்படுத்தியதில், ஒன்றுபட்ட பஞ்சாபின் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்த ஹர் கோபிந்த் குரானாவின் பங்கு பெரிது. 1968-இல் நைரன்பெர்க், ராபர்ட் ஹாலி ஆகியோருடன் அவர் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு கோடானுக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சுமந்துவருவது கடத்து ஆர்.என்.ஏ. என்னும் வேறொரு சிறிய ஆர்.என்.ஏ. அது கோடானோடு பொருந்துகிறதா என்று ரைபோசோம் சோதித்து, பொருந்தினால் அமிலத்தைச் சங்கிலியில் இணைக்கிறது. இச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அணு அளவில் காட்டியவர்களுள் ஒருவர், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை அவரும் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரும் பகிர்ந்துகொண்டனர்.

பீட்டா சங்கிலிக்கான தூது ஆர்.என்.ஏ.வில், தொடக்கத்தைக் குறிக்கும் ஏ-யு-ஜி கோடானுக்குப் பின் ஆறாவதாக வருவது ஜி-ஏ-ஜி. அதற்குரியது குளூட்டாமிக் அமிலம். அரிவாள் செல் மரபணுவில் இதன் நடு எழுத்து மாறி, டி.என்.ஏ.வில் ஜி-டி-ஜி எனவும் ஆர்.என்.ஏ.வில் ஜி-யு-ஜி எனவும் ஆகிவிடுகிறது. ஜி-யு-ஜி வாலினுக்கு உரியது. ரைபோசோம் இங்கே எந்தப் பிழையும் செய்வதில்லை. தனக்கு வந்த செய்தியை அது துல்லியமாகவே படித்து, கேட்கப்பட்ட வாலினை உரிய இடத்தில் வைக்கிறது. மூன்றாம் எழுத்து மாறி ஜி-ஏ-ஏ என ஆகியிருந்தால் அதுவும் குளூட்டாமிக் அமிலத்தையே குறிப்பதால் எவருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்திராது. முதல் எழுத்து மாறி ஏ-ஏ-ஜி என ஆகும்போது லைசின் வந்து ஹீமோகுளோபின்-சி என்ற வேறு வகை உருவாகிறது, அதன் விளைவுகள் பொதுவாக மிதமானவை. ஆகவே மரபணு மாற்றம் என்றாலே நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. எந்த எழுத்து, எந்த இடத்தில், எதுவாக மாறியது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

குளூட்டாமிக் அமிலம் எதிர்மின் ஏற்றம் உடையது, நீரை விரும்புவது. வாலினோ ஏற்றமற்றது, நீரை விட்டு விலகுவது. பாலிங்கின் சோதனையில் இரண்டு ஹீமோகுளோபின்களும் வெவ்வேறாக நகர்ந்ததற்கு இந்த மின் ஏற்ற இழப்பே காரணம். புரதத்தின் வடிவமே அதன் செயலைத் தீர்மானிக்கிறது என்பது உயிரியலில் ஊன்றிய உண்மை. ஆனால் அரிவாள் ஹீமோகுளோபினின் தனி வடிவம் பெரிதும் கெடுவதில்லை, ஆக்சிஜனையும் அது சுமக்கவே செய்கிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில்தான் சிக்கல் எழுகிறது: அப்போது மூலக்கூறின் வெளிப்புறத்தில் துருத்தி நிற்கும் வாலின், அருகிலுள்ள மற்றொரு ஹீமோகுளோபினின் பள்ளமொன்றில் சென்று பொருந்திக்கொள்கிறது. ஏற்கெனவே நெருங்கி நிற்கும் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் இவ்வாறு ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட விறைத்த நார்களாகி, சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைப்பதால் எலும்புகளிலும் மார்பிலும் வயிற்றிலும் தாங்கொணா வலி எழுகிறது. இயல்பாக 120 நாட்கள் வாழும் சிவப்பணு இங்கே 10 முதல் 20 நாட்களில் சிதைவதால் சோகை நீடிக்கிறது. மண்ணீரல் செயலிழப்பதால் தொற்றுநோய்கள் எளிதில் பற்றுகின்றன.

தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவருக்கும் இம்மரபணுவின் இரண்டு படிகள் உள்ளன. இரண்டும் மாறியிருந்தால் நோய் வருகிறது. ஒன்று மட்டும் மாறியிருப்பவர் கடத்துநர், அவர் பொதுவாக நலமாகவே வாழ்கிறார். கடத்துநர்கள் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கான வாய்ப்பு உண்டு. இத்தனை கொடிய மரபணு ஏன் மறையவில்லை என்ற கேள்விக்கு அந்தோணி அலிசன் 1954-இல் விடை தந்தார்: ஒரு படி மட்டும் மாறியவர்களைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா மிகுந்திருந்த காடுகளில் அந்த மாற்றமே பலரைக் காத்தது. அதற்கான விலையை அவர்களின் பிள்ளைகளில் சிலர் செலுத்தினர்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்படுவது அரபு-இந்திய வகை எனப்படும் மரபுப் பின்னணி. இவ்வகையினரிடம் பிறந்த பின்னும் கருக்கால ஹீமோகுளோபின் ஓரளவு கூடுதலாகவே உருவாகிவருவதால், நோயின் கடுமை பலருக்குச் சற்றுக் குறைகிறது. கருவிலிருக்கும் குழந்தை பீட்டா சங்கிலிக்குப் பதிலாகக் காமா சங்கிலியைக் கொண்ட ஹீமோகுளோபினையே பெரிதும் பயன்படுத்துகிறது; பிறந்த சில மாதங்களில் காமா மரபணு அடங்கிப் பீட்டா மரபணு முந்துகிறது. அரிவாள் செல் நோயின் அறிகுறிகள் பிறந்தவுடன் தோன்றாததற்கும் இதுவே காரணம். ஒரே எழுத்து மாறியிருந்தும் நோயின் கடுமை மனிதருக்கு மனிதர் வேறுபடுவதை, மரபணு ஒன்றே விதி என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டும். காமா மரபணுவை அடக்குவதில் பி.சி.எல்.11ஏ என்ற புரதத்தின் பங்கை விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் ஆகியோர் 2008-இல் வெளியிட்டனர். அந்த அடக்குதலைத் தளர்த்தும் வகையில் நோயாளியின் மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில் மாற்றி, மீண்டும் செலுத்தும் சிகிச்சைக்கு 2023-இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அப்போது அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலராக இருந்தது. பீட்டா மரபணுவின் பிழையான எழுத்தை இச்சிகிச்சை தொடுவதேயில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த விலையில் ஒரு சிகிச்சை எச்.டி. கோட்டேயிலோ கூடலூரிலோ உள்ள பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இப்போதைக்கு வரப்போவதில்லை. ஆனால் கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்தும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை, குழந்தைகளுக்கான பென்சிலின், தடுப்பூசிகள் ஆகியவை எட்டாத விலையில் இல்லை. பிலிகிரிரங்கன் மலையில் 1981-இல் தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரமும், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் இத்தகைய எளிய மருத்துவத்தாலேயே பலருக்கு உதவி வந்துள்ளன. 2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் இலக்கோடு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பட்ட தேசிய இயக்கம், 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது. தமிழ்நாடும் கர்நாடகமும் அவற்றுள் அடங்கும். சோதனை அட்டையைக் கையில் கொடுப்பதோடு பணி முடிந்ததாகக் கருதக் கூடாது. கடத்துநர் நோயாளி அல்லர் என்பதும், திருமணத்துக்கு முன் இருவரின் சோதனை முடிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எதற்காக என்பதும் அம்மக்களின் மொழியிலேயே, அவர்களுக்கு எவ்விதத் தலைக்குனிவும் நேராத வகையில் விளக்கப்பட வேண்டும். இக்காடுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் இரத்தமும் கருக்கால ஹீமோகுளோபின் குறையத் தொடங்கும் முன்பே சோதிக்கப்பட்டு, தேவைப்படும் குழந்தைக்கு மருந்து முதல் வலிக்கு முன்பே வீட்டை அடைய வேண்டும்.