தர்பார் ஹாலா, கணதந்திர மண்டபமா? பெயர் மாறிய அறையைக் குறிப்பிடுவது எப்படி?

புது தில்லி: குடியரசுத் தலைவர் மாளிகையின் தர்பார் ஹால், அசோக் ஹால் ஆகிய இரு கூடங்களுக்கும் 2024 ஜூலை 25-ஆம் தேதி முறையே 'கணதந்திர மண்டபம்', 'அசோக மண்டபம்' எனப் பெயர் மாற்றப்பட்டது. அதன்பின் எழுதப்படும் தகவல் கட்டுரைகளில் எந்தப் பெயரை எங்கு ஆள்வது என்ற கேள்வி எழுகிறது.

தலைப்பில் தற்போதைய பெயரையும், முதல் வரியிலேயே பழைய பெயரையும் தருவது வாசகர்களுக்குப் பயன்படும். பலர் இன்னமும் 'தர்பார் ஹால்' என்றே தேடுவர். ஆனால் வரலாற்று நிகழ்வுகளைக் கூறும்போது புதிய பெயரைப் பின்னோக்கிப் பொருத்துவது பிழைக்கு வழிவகுக்கும். ஜவாஹர்லால் நேரு தலைமையிலான முதல் அரசு 1947 ஆகஸ்ட் 15-இல் பதவியேற்றது இக்கூடத்தில்தான். அன்று இந்தியா குடியரசாகவே இல்லை. அந்நிலை 1950 ஜனவரி 26-இல்தான் வந்தது. எனவே, நேரு 'கணதந்திர மண்டபத்தில்' பதவியேற்றார் என எழுதினால் காலம் முரண்படும். 'அப்போது தர்பார் ஹால் என அழைக்கப்பட்ட கூடத்தில்' என்பதே சரி.

தமிழில் மற்றொரு சிக்கலும் உண்டு. 'கணதந்திரம்' என்றால் குடியரசு. ஆனால் 'தந்திரம்' என்ற சொல் தமிழர் காதில் சூழ்ச்சி என்றே ஒலிக்கும். அதற்காக 'குடியரசு மண்டபம்' என மாற்றினால் அதிகாரபூர்வப் பெயர் மறைந்துவிடும். பெயரை அப்படியே எழுதி, பொருளை ஒருமுறை விளக்குவதே நேர்மையானது. 'அசோகர் மண்டபம்' என்பதும் பொருந்தாது. பேரரசரை மட்டுமன்றி, துயரற்ற நிலையையும் அசோக மரத்தையும் அப்பெயர் குறிப்பதாகக் குடியரசுத் தலைவர் செயலகம் விளக்கியிருந்தது.

படத் தேர்விலும் இதே கவனம் வேண்டும். மாளிகையின் குவிமாடத்தை வெளியிலிருந்து காட்டும் படம், உள்ளிருக்கும் அறையை அறிமுகப்படுத்தாது. ஆங்கிலேயர் காலத்தில் கணதந்திர மண்டபம் அரியணைக் கூடமாக இருந்தது. வைஸ்ராய்க்கும் அவரது மனைவிக்கும் அங்கு இருக்கைகள் இருந்தன. இன்று அங்கு குப்தர் காலப் புத்தர் சிலை நிற்கிறது. ஆண்டு குறிப்பிடாமல் இரு படங்களையும் அருகருகே வெளியிட்டால், அவை வெவ்வேறு அறைகள் என்றே வாசகர் எண்ணுவர்.

நடன அரங்காகக் கட்டப்பட்ட அசோக மண்டபத்துக்கோ, அதன் மேற்கூரை ஓவியமே அடையாளம். பாரசீக மன்னர் பத் அலி ஷா வேட்டையாடும் காட்சி அது. தரைமட்டத்தில் எடுத்த விழாப் படங்களில் அது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.