'இடுப்பு பிடிச்சுக்கிச்சு': நீவி விட்டால் சரியாகிவிடுமா?

கோவில்பட்டி கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் முளைத்துவிட்டால் களையெடுப்பு ஆரம்பம். காலையிலிருந்து குனிந்தே வேலை. தீப்பெட்டி ஆலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தே வேலை. சாயங்காலம் இரண்டு பக்கமும் ஒரே பேச்சுதான்: "இடுப்பு பிடிச்சுக்கிச்சு." ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் சுளுக்கு எடுப்பவரைத் தேடிப் போகிறார்கள். இதில் பலன் உண்டா?

கைவழி சிகிச்சை என்றால் என்ன?

தசையை அழுத்தி நீவுவது, மூட்டை மெல்ல அசைப்பது, சட்டென்று ஒரு தள்ளு கொடுப்பது என இயன்முறை மருத்துவத்தில் பல வகை உண்டு. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர்.

'டப்' சத்தம் எதனால்?

"எலும்பு விலகிடுச்சு, உட்கார வச்சுட்டேன்" என்பார்கள். அப்படியில்லை. விரலில் நெட்டி முறிப்பது போலத்தான் இதுவும். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் நடக்கும் வாயு மாற்றமே அந்தச் சத்தம்.

ஆய்வுகள் சொல்வது?

9,211 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை 2019-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியானது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதுகெலும்பைக் கையால் தள்ளி அசைக்கும் சிகிச்சை, உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகள் அளவுக்குப் பலன் தருகிறது என்பதே அதன் முடிவு. அதைவிடப் பெரிய அதிசயம் எதுவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தச் சிகிச்சையையும் மசாஜையும் ஏற்கிறது. ஆனால் பயிற்சி, வலி பற்றிய புரிதல் ஆகியவற்றோடு சேர்த்துத்தான். பலரும் கடையில் வாங்கி மாட்டும் இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

சுருக்கமாக, நீவி விட்டால் வலி கொஞ்சம் தணியும். அந்த இடைவெளியில் நடக்க வேண்டும், பயிற்சி செய்ய வேண்டும். வேலைக்கு நடுவே அடிக்கடி நிமிர வேண்டும். படுத்தே கிடந்தால் குணமாவது தள்ளிப் போகும்.

எப்போது கை வைக்கவே கூடாது?

* சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் அடைப்பது
* தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப் போவது
* காலில் பலம் குறைவது
* விழுந்த பிறகு வந்த வலி
* காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது
* எலும்புத் தேய்மானம், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை

இதில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். முதல் மூன்றும் அவசரம், அன்றைக்கே மருத்துவமனை.

செலவில்லாமல் எங்கே?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். ஊரில் இருக்கும் அம்மா "இடுப்பு வலிக்குதுப்பா" என்று போனில் சொன்னால், தைலம் வாங்கி அனுப்பும் முன் மேலே உள்ள பட்டியலை ஒரு முறை கேட்டுவிடுங்கள்.