பிரிய மறுக்கும் செல்... பிறக்கும் காஞ்சிப் பட்டு!

முகூர்த்தப் புடவை எடுக்க காஞ்சிபுரம் போனால் ஜரிகை அசலா, பார்டர் கோர்வையா என்று ஆயிரம் கேள்வி கேட்போம். 'இந்த இழை எப்படி உருவாச்சு?' என்று மட்டும் கேட்க மாட்டோம். புழு கக்கியது, அவ்வளவுதானே? இல்லை. அதற்குள் ஒரு பெரிய சமாசாரமே இருக்கு.

பட்டுப்புழுவின் உடலில் இரண்டு நீளமான சுரப்பிகள் உண்டு. அவற்றின் பின்பகுதி ஃபைப்ராயின் என்ற புரதத்தைச் செய்கிறது. பட்டிழை என்பது இதுதான். நடுப்பகுதி செய்வது செரிசின். சாயம் போடும் முன் நூலை வேகவைத்து எடுக்கிறார்களே, அந்தப் பசை.

தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டையைப் பார்த்திருப்பீங்க. அதிலுள்ள துளைகள்தான் டிசைனைச் சொல்லும். செல்லுக்கு அந்த அட்டை, டி.என்.ஏ. தேவையான மரபணுவை மட்டும் ஆர்.என்.ஏ-வாகப் படியெடுத்து, அதன்படி செல் புரதம் செய்யும்.

மூட்டை கட்டினால் தறி ஓடுமா?

சாதாரண செல் வளரும், டி.என்.ஏ-வை இரட்டிப்பாக்கும், பிறகு இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவையான மரபணுக்கள் அந்தந்த நேரத்தில் விழிக்கும். பிரியும் நேரத்தில் மட்டும் டி.என்.ஏ இறுகச் சுருண்டுவிடும். படியெடுப்பு பெரும்பாலும் நின்றுபோகும். வீடு மாற்ற அட்டைகளை மூட்டை கட்டிய பிறகு நெய்ய முடியாதே, அந்த மாதிரி.

பட்டுச் சுரப்பி இந்த இடைஞ்சலே வேண்டாம் என்று வேறு வழியில் போகிறது. முட்டைக்குள் கருவாக இருக்கும்போதே அதன் செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. ஒரு சுரப்பியின் பின்பகுதியில் இருப்பது சுமார் 500 செல்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் பிரியாமலே டி.என்.ஏ-வை மட்டும் திரும்பத் திரும்ப இரட்டிப்பாக்கும். கடைசியில் ஒரே செல்லுக்குள் லட்சக்கணக்கான பிரதிகள். ஒரே டிசைனுக்கு லட்சம் அட்டை!

அணைந்து எரியும் விளக்கு

அதற்காக எப்போதும் பட்டு உற்பத்தி நடக்காது. புழு நான்கு முறை தோலுரிக்கும். அப்போதெல்லாம் ஃபைப்ராயின் மரபணு அணைந்துவிடும். மறுபடி இலை தின்னத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். நான்காவது தோலுரிப்புக்குப் பிறகு வரும் கடைசி ஒரு வாரத்தில்தான் உற்பத்தி உச்சம். இந்த மரபணுவிலிருந்து வரும் ஆர்.என்.ஏ-வை யோஷியாகி சுசுகி, டொனால்ட் பிரவுன் என்ற விஞ்ஞானிகள் 1972-ல் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

புழு தன் வாழ்நாளில் தின்னும் மல்பெரி இலையில் 80 சதவிகிதத்துக்கும் மேல் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் உள்ளே போகிறது. லட்சம் அட்டை தயாராக இருந்தாலும், புரதம் செய்யச் சரக்கு வேண்டாமா? அந்தச் சரக்கு இலைதான். ஓசூர், தருமபுரி பக்கம் புழு வளர்ப்பவர்கள் இந்த நாள்களில் ராத்திரி பகல் பார்க்காமல் இலை போடுவது இதனால்தான். அந்த வாரம் இலை குறைந்தால் கூடு மெலியும், பட்டு குறையும். வளர்ப்பவருக்கு அந்தக் கூடுதான் வருமானம். கூடு சரியில்லை என்றால் ஒரு மாத உழைப்பு வீண்.

அடுத்த முறை புடவையை விரித்துப் பார்க்கும்போது, அந்த 500 செல்களையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.